பகுதிநேர வேலையும் 2 வெள்ளி 40 காசு வரியும்

நீங்கள் கேட்டது இது: "ஜப்பானில் பகுதிநேர ஊழியர்களுக்கான வரிவிலக்கு வரம்பை உயர்த்த முற்பட்டபோது மாநில ஆளுநர்கள் எதிர்த்தார்கள் என்று படித்தேன். சிங்கப்பூரிலும் பகுதிநேர வேலை செய்வோர் பலர் இருக்கிறார்கள். இங்கே அரசாங்க நிதிக்கு, குறிப்பாக நகர மன்றங்கள் போன்ற வட்டார அமைப்புகளுக்கு, அப்படி அடி விழுமா?"

வருமான வரியில் பெரிய அடி விழாது. நகர மன்றத்திலும் விழாது. விழும் இடம் மத்திய சேமநிதி, அதாவது ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் கட்டும் கட்டாயச் சேமிப்பு. அதன் வலி அரசாங்கத்துக்குத் தெரியவர இருபது, முப்பது ஆண்டு ஆகும். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் தொழில். ஆகையால் எண்கள் சற்றுக் கூடுதலாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜப்பான். அங்கே மத்திய அரசு வாங்கும் வருமான வரி தவிர, குடியிருப்பு வரி என்று தனியாக ஒன்று உண்டு. வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு. பெரும்பாலான ஊர்களில் அதில் 6 விழுக்காடு நகராட்சிக்கும் 4 விழுக்காடு மாநிலத்துக்கும் போகிறது. ஜனவரி 1ஆம் தேதி ஒருவர் எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த ஊருக்கு அவருடைய வரி. ஆக, பக்கத்துப் பேரங்காடியில் காசாளராக நிற்கும் பெண் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்பது அந்த ஊர் மேயரின் வரவுசெலவுத் திட்டத்தை நேராகத் தொடுகிற விஷயம்.

ஆண்டுக்கு 1.03 மில்லியன் யென் வரை சம்பாதித்தால் வருமான வரி இல்லை என்ற வரம்பு 1995 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. குறைந்தபட்சச் சம்பளமோ ஏறிக்கொண்டே போனது. விளைவு, டிசம்பர் நெருங்கினால் பகுதிநேர ஊழியர்கள் பலர் வரம்பைத் தாண்டாமலிருக்க வேலைநேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். மணிக்கூலி உயர்ந்தால் ஊழியர் வேலைக்கு வரும் நேரம் குறைகிறது. ஆண்டிறுதி நெரிசலில் ஆள் கிடைக்காமல் தவித்த கடைக்காரரைக் கேட்டால் இதன் அருமை தெரியும். 2024 அக்டோபர் தேர்தலில், இந்த வரம்பை 1.78 மில்லியனாக உயர்த்துவோம் என்று சொன்ன ஒரு சிறிய எதிர்க்கட்சி கீழவையில் 7 இடங்களிலிருந்து 28 இடங்களுக்குத் தாவியது. அரசாங்கம் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஆண்டுக்கு 7 முதல் 8 டிரில்லியன் யென் வருவாய் குறையும், அதில் ஏறத்தாழ 4 டிரில்லியன் உள்ளாட்சிகளின் பங்கு என்றது. ஆளுநர்கள் கொதித்தது அதனால்தான். அது போதாதென்று, மத்திய அரசின் வருமான வரியிலும் 33.1 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. அந்தப் பக்கமும் இழப்பு.

முடிவு எப்படி அமைந்தது என்பதைப் பெரும்பாலான செய்திகள் சரியாகச் சொல்லவில்லை. 2025இல் வருமான வரிக்கான வரம்பு, குறைந்த வருமானத்தாருக்கு 1.6 மில்லியன் வரை உயர்ந்தது. குடியிருப்பு வரியிலோ சம்பளக் கழிவை மட்டும் 100,000 யென் கூட்டினார்கள். அதன் அடிப்படைக் கழிவான 430,000 யென்னைத் தொடவே இல்லை. என் கணிப்பில் அந்தச் சுற்றில் வென்றவர்கள் ஆளுநர்கள்.

ஜெர்மனியிலும் இதே தன்மைதான். அங்கே வருமான வரியில் 15 விழுக்காடு நகராட்சிகளுக்குப் போகிறது. ஆனால் 'சிறுவேலை' என்று ஒரு வகை உண்டு. 2025இல் மாதம் 556 யூரோ வரை சம்பாதிப்பவர் அதில் அடங்குவார். முதலாளி கட்டும் 2 விழுக்காட்டு ஒட்டுமொத்த வரியோடு பெரும்பாலும் வரிக் கணக்கு முடிந்துவிடும். சுவிட்சர்லாந்து இன்னும் சுவையானது. வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பேர் அங்கே பகுதிநேரம். மாநிலங்கள் தங்கள் வருமான வரியைத் தாங்களே வசூலிக்கின்றன, மருத்துவக் காப்புறுதிச் சந்தாவுக்கான மானியத்திலும் பங்கு போடுகின்றன. நன்றாகப் படித்து, மணிக்கு நல்ல சம்பளம் வாங்கக்கூடிய ஒருவர் விரும்பியே வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போனால் மாநிலத்துக்கு வரி குறைகிறது. வருமானம் குறைவென்று காட்டி அவர் மானியமும் பெறக்கூடும். அரசு செலவில் மருத்துவம் படித்தவர் பாதி நேரம் வேலை செய்யலாமா என்ற சண்டை அங்கே அடிக்கடி எழுவது இதனால்தான்.

மூன்று நாடுகளிலும் உள்ளாட்சியின் பை தனிமனிதரின் சம்பளத்தோடு கயிறு போட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் அந்தக் கயிறே இல்லை.

நகர மன்றங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் முதன்மை வரவு நாம் மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணமும் அரசாங்க மானியமும். கட்டணம் வீட்டின் வகையைப் பொறுத்தது, வீட்டில் இருப்பவர் என்ன சம்பாதிக்கிறார் என்பதைப் பொறுத்ததல்ல. நாலறை வீட்டில் கணவனும் மனைவியும் முழுநேரம் வேலை செய்தாலும், இருவரும் பகுதிநேரத்துக்கு மாறினாலும், மின்தூக்கிப் பராமரிப்புக்கு அதே தொகைதான் போகும். கையில் காசு இறுகினால் கட்டணப் பாக்கி கொஞ்சம் கூடும். அவ்வளவே. ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். அவை வரி வசூலிப்பதில்லை. அவற்றின் பெயரில் வரும் பற்றுச்சீட்டுகளுக்கான பணமும் அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வருவது. சொத்து வரிகூட இங்கே வட்டாரத்துக்குப் போவதில்லை. எல்லாம் ஒரே கஜானா.

ஆகவே கேள்வியை, அந்த ஒரே கஜானாவுக்கு என்ன ஆகும் என்று மாற்றிக்கொள்வோம்.

ஒரு கணக்கு. 35 வயதுப் பெண் ஒருவர், சில்லறைக் கடையில் மாதம் 2,200 வெள்ளிக்கு முழுநேரம் வேலை செய்கிறார். ஆண்டுக்கு 26,400. அதில் சேமநிதிக்கு அவர் செலுத்தும் 20 விழுக்காடு, அதாவது 5,280 வெள்ளி, வரிக் கழிவாகிறது. சம்பாதிப்போர் கழிவு 1,000. மிச்சம் 20,120 வெள்ளி. முதல் 20,000க்கு வரி இல்லை. மீதி 120 வெள்ளிக்கு 2 விழுக்காடு என்றால் 2 வெள்ளி 40 காசு. இப்போது அவர் பகுதிநேரத்துக்கு மாறி, மணிக்கு 12 வெள்ளி 50 காசு வீதம் மாதம் 80 மணி நேரம் வேலை செய்து 1,000 வெள்ளி வாங்குகிறார் என்று வையுங்கள். வரி பூஜ்யம். அரசாங்கத்துக்கு வருமான வரியில் ஓர் ஆண்டு இழப்பு 2 வெள்ளி 40 காசு. கோப்பிக் கடையில் அதற்கு இரண்டு தேநீர் கிடைப்பது சந்தேகம். அவர் வேலை செய்யும் தாயாக இருந்தால், பிள்ளைக்கான கழிவில் அந்த 2 வெள்ளி 40 காசும் முன்பே போயிருக்கும்.

இது விதிவிலக்கான ஆள் அல்ல. சிங்கப்பூரில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வருமான வரியே கட்டுவதில்லை. உள்ளூர் ஊழியரணியில் ஏறத்தாழ பத்தில் ஒருவரான பகுதிநேர ஊழியர்களில் பெரும்பாலோர் அந்தப் பாதிக்குள் அடங்கிவிடுவார்கள். மாதம் 8,000 வெள்ளி வாங்கும் மேலாளர் பாதி நேரத்துக்கு இறங்கினால் கதை வேறு. அவர் கட்டும் வரி சுமார் 3,050 வெள்ளியிலிருந்து 460 வெள்ளியாகச் சரியும். அது சுவிட்சர்லாந்துப் பிரச்சினை. இங்கே அப்படிப்பட்டவர்கள் இன்னும் குறைவு. 2024 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கும் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு வழிகாட்டி அவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் கூட்டலாம். கூடினாலும் அரசாங்க வருவாயில் பெரிய தூண்களாக இருப்பவை நிறுவன வரி, பொருள் சேவை வரி, இருப்புநிதி முதலீடுகளிலிருந்து வரும் பங்களிப்பு ஆகியவை. இருப்புநிதிப் பங்களிப்பு மட்டும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்களவு. தனிநபர் வருமான வரி ஆட்டம் கண்டாலும் கூரை விழாது.

9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி குறையாதா என்று கேட்கலாம். செலவு குறைந்தால் வரியும் குறையும், உண்மை. ஆனால் வாரயிறுதியில் ஜொகூர் பாருக்குப் போய்ச் செலவழிக்கும் முழுநேர ஊழியரால் அதே கணக்கில் எவ்வளவு இழப்பு என்று யாரும் கேட்பதில்லை!

சரி, இழப்பு எங்கே? அதே பெண்ணின் சேமநிதியைப் பாருங்கள். முழுநேரமாக இருந்தபோது அவர் பங்கும் முதலாளி பங்கும் சேர்த்து 37 விழுக்காடு, மாதம் 814 வெள்ளி. பகுதிநேரத்தில் 370 வெள்ளி. ஆண்டுக்கு 5,328 வெள்ளி வித்தியாசம். இது அரசாங்கப் பணம் அல்ல, அவருடைய சொந்தப் பணம். அதனால் எந்த நிதியமைச்சரின் அறிக்கையிலும் இது இழப்பாக வராது. வீட்டுக் கடன், மருத்துவம், ஓய்வுக்காலம் மூன்றும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன என்பது வேறு விஷயம்.

அவர் 35 வயதிலிருந்து 55 வரை இருபது ஆண்டு இப்படியே ஓட்டினால், வட்டியைச் சேர்க்காமல், முழுநேரத்தில் கணக்குக்குப் போவது 195,360 வெள்ளி. பகுதிநேரத்தில் 88,800. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. குறைந்த வருமானத்தில் வாழ்ந்து முடித்த மூத்தோருக்கு 65 வயதுக்குமேல் அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரொக்கம் கொடுக்கும் 'சில்வர் சப்போர்ட்' திட்டம் 2016 முதல் நடப்பில் உள்ளது. அதற்கான நிபந்தனைகளில் ஒன்று, 55 வயதுவரை சேமநிதிக்குப் போன மொத்தத் தொகை 140,000 வெள்ளிக்குமேல் இருக்கக் கூடாது என்பது. முழுநேரப் பெண் கோட்டுக்கு அந்தப் பக்கம், பகுதிநேரப் பெண் இந்தப் பக்கம். வீட்டு வகை, குடும்ப வருமானம் போன்ற மற்ற நிபந்தனைகளிலும் தேறி, 2025 முதல் உள்ள அதிகபட்சத் தொகையான 1,080 வெள்ளியை ஒவ்வொரு காலாண்டும் பெற்றால், 65இலிருந்து 85வரை அவருக்கு அரசாங்கம் கொடுப்பது 86,400 வெள்ளி. வேலை செய்த இருபது ஆண்டில் அவரிடமிருந்து வரியில் இழந்தது 48 வெள்ளி.

பகுதிநேர வேலை அரசாங்கத்துக்குப் பின்தேதியிட்ட காசோலை. இன்றைய வரவில் ஓட்டை தெரியாது, நாளைய செலவில் தெரியும். அதைக் கட்டப்போவது வேறொரு நிதியமைச்சர், வேறொரு தலைமுறையின் வரி.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. குறைந்த வருமான ஊழியர்களுக்கு அரசாங்கம் கூடுதல் தொகை கொடுக்கும் வேலைநலன் துணை வருமானத் திட்டத்தில் 2023 முதல் மாதம் குறைந்தது 500 வெள்ளி சம்பாதிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் புகுத்தியதன் நோக்கமே, அங்கொரு நாள் இங்கொரு நாள் என்று வேலை செய்வோரைக் கூடுதல் நேரத்துக்கு இழுப்பது. உடற்குறை உள்ளோர் போன்ற சிலருக்குச் சலுகை உண்டு. இன்னொரு வேலியும் கவனமாகப் போட்டிருக்கிறார்கள். கணவரின் ஆண்டு வருமானம் 70,000 வெள்ளியைத் தாண்டினால் மனைவிக்கு இந்தத் தொகை கிடையாது. சுவிட்சர்லாந்து தலையைப் பிய்த்துக்கொள்ளும் 'வசதியான பகுதிநேரக்காரர்' இங்கே வாசலிலேயே நின்றுவிடுவார்.

500 வெள்ளி என்ற இதே எண் சேமநிதியிலும் வருகிறது. மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டினால் முதலாளி தன் பங்கைக் கட்ட வேண்டும். ஊழியரின் பங்கு 500ஐத் தாண்டியபிறகுதான் தொடங்கும், அதுவும் மெதுவாக. 510 வெள்ளி வாங்குபவரிடம் பிடிப்பது 6 வெள்ளி. 750 வரை இப்படிப் படிப்படியாக ஏறும். ஆனால் நான் பார்க்கும் சம்பளப் பட்டியல்களில் 480, 490 என்று நிற்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். "500 தாண்டினா பிடிச்சிடுவாங்களாமே" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதற்குக் கீழேயே நிற்பவர்கள். 30 வயதுக்குமேல் உள்ள அவர்கள் மாதம் இரண்டு மணி நேரம் கூடுதலாக வந்தால் வேலைநலனுக்கே தகுதி பெறக்கூடும். ஜப்பானியப் பெண்கள் டிசம்பரில் செய்ததையே இவர்கள் மாதாமாதம் செய்கிறார்கள். வித்தியாசம், ஜப்பானில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இங்கே இல்லை. உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இதுவரை ஊழியர் பக்கம். முதலாளிகளின் பக்கம் இன்னொரு எண் ஆட்சி செய்கிறது: 800 வெள்ளி. வெளிநாட்டு ஊழியர்களை எடுக்க வேண்டுமானால் உள்ளூர் ஊழியர்கள் போதிய அளவு இருக்க வேண்டும். சேவைத் துறையில் மொத்த ஊழியர்களில் 35 விழுக்காடு வரைதான் வெளிநாட்டவர். உள்ளூர்த் தகுதிச் சம்பளமான 1,600 வெள்ளியை வாங்குபவர் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்வார். 800 முதல் 1,600க்குள் வாங்குபவர் அரை ஆள். 799 வாங்குபவர் ஆளே அல்ல. இவை 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த எண்கள். பகுதிநேர ஊழியருக்கு மணிக்குக் குறைந்தது 10 வெள்ளி 50 காசு கொடுக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். அந்த வீதத்தில் 800 வெள்ளியைத் தொட மாதம் 76 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், வாரத்துக்கு ஏறக்குறைய 18 மணி நேரம்.

2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் எடுக்கலாம் என்று ஆனபிறகு நம் கடைகளில் இந்தக் கணக்கு சூடுபிடித்துவிட்டது. மாதக் கடைசி வாரத்தில் முதலாளி பட்டியலை வாங்கிப் பார்ப்பார். காய்கறி நறுக்க வரும் ஓர் அம்மா 770இல் நிற்பார். "அவங்களுக்கு இன்னும் ஒரு நாள் போடுங்க" என்பார். வேலை இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. இன்னொருவர் 1,150இல் இருப்பார். அவர் இன்னும் அதிக நேரம் கேட்டாலும் கிடைக்காது. 800க்கும் 1,600க்கும் இடையே எங்கே நின்றாலும் அரை ஆள்தானே! நான்கு பேரை அரையரையாக வைத்தால் இரண்டு ஆள். பகுதிநேர வேலை பெருகுவதற்கு வீட்டுப் பொறுப்பு, படிப்பு, மூப்பு என்று ஆய்வாளர்கள் அடுக்குவார்கள். சம்பளப் பட்டியலின் முன் உட்கார்ந்தால் இந்த அரை ஆள் கணக்கும் தெரியும். அந்த நான்கு அரைகளால் உள்ளே வரும் வெளிநாட்டு ஊழியருக்கு முதலாளி மாதந்தோறும் கட்டும் தீர்வை நேராக அரசாங்க வருவாயில் சேர்கிறது. ஆக, பகுதிநேர வேலையால் இன்றைய கஜானாவுக்கு வரவே கூடுகிறது என்றுகூட இந்தத் துறைகளில் வாதிடலாம்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. பகுதிநேரத்தை எதனோடு ஒப்பிடுகிறோம்? இதுவரை முழுநேரத்தோடு ஒப்பிட்டேன். மாற்று, வீட்டில் இருப்பது என்றால் கணக்கு தலைகீழ். குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் முழுநாள் சேர்க்கும் பிள்ளைக்கு, தாய் மாதம் குறைந்தது 56 மணி நேரம் வேலை செய்தால் அடிப்படை மானியம் 300 வெள்ளி, இல்லையென்றால் பெரும்பாலும் 150. 56 மணி நேரம் என்பது வாரத்துக்கு 14 மணி கூட இல்லை. அரசாங்கம் கூடுதலாகக் கொடுக்கும் 150 வெள்ளிக்கு ஈடாக ஒரு தாய் வேலைச் சந்தையில் ஒரு காலை வைத்திருக்கிறார், சேமநிதி ஓடுகிறது, பிள்ளை பள்ளிக்குப் போனபின் முழுநேரத்துக்குத் திரும்பும் வழி அடைபடவில்லை. 10 வெள்ளி 50 காசு வீதம் 56 மணி நேரத்துக்கு 588 வெள்ளி, அந்த 500 வரம்பையும் தாண்டிவிடும். மூத்த ஊழியர்கள் விஷயமும் இப்படித்தான். 63, 64 வயதில் முழுநேரம் முடியாது, பாதி நேரம் என்றால் வருகிறேன் என்பவருக்கு அந்தப் பாதி கிடைக்காவிட்டால் மாற்று, கீழ்த்தளத்தில் சதுரங்கம்தான். அவர்களைப் பகுதிநேரத்தில் மறுபடி வேலைக்கு அமர்த்தும் நிறுவனங்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது இதனால்தான்.

இணையத்தள ஊழியர்களைப் பற்றி ஒரு வரி. 2025 ஜனவரி முதல், 1995இல் அல்லது அதற்குப்பின் பிறந்த விநியோக ஓட்டுநர்களுக்குச் சேமநிதியில் கூடுதல் பங்களிப்பு கட்டாயமாகிவிட்டது. மூத்த ஓட்டுநர்கள் விரும்பினால் சேரலாம். பின்தேதியிட்ட காசோலைகளில் ஒரு கட்டை இப்போதே கிழித்துப்போட எடுத்த முயற்சியாகவே அதைப் பார்க்கிறேன்.

எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு. அந்த 140,000 வெள்ளிக் கோடு. 2021க்கு முன் அது 70,000ஆக இருந்தது, இரட்டிப்பாக்கினார்கள். 2025இல் சில்வர் சப்போர்ட் தொகையை உயர்த்தினார்கள், குடும்பத்தில் ஆளுக்கு 1,800 வெள்ளி என்றிருந்த வருமான வரம்பை 2,300 ஆக்கினார்கள். இந்தக் கோட்டை மட்டும் அப்படியே விட்டார்கள். இன்று மாதம் 1,600 வெள்ளி வாங்குபவருக்கு இருபது ஆண்டில் சேரும் பங்களிப்பு 142,080. கோட்டைத் தாண்டியாயிற்று. மணிக்கூலி ஆண்டுதோறும் ஏறுகிறது. இன்னும் பதினைந்து ஆண்டில் பகுதிநேர ஊழியரே இன்றைய 1,600ஐ வாங்கக்கூடும். அன்றைய விலைவாசியில் அவர் ஏழையாகவே இருப்பார், ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பார். கோடு நகர்ந்தால் செலவு கஜானாவுக்கு. நகராவிட்டால் அதே செலவு அவருடைய பிள்ளைகளின் சம்பளத்துக்கு.